புதுப்பித்த எம்ஜிபி ஜிடி விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1969ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி (இங்கிலாந்தின் எம்ஜி நிறுவனம் செய்த கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார்), கரும்பச்சை நிறம், ஸ்போக் வீல், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) உண்டு. வண்டி இங்கிலாந்திலேயே இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்பு முழுசாகப் புதுப்பித்தது என்கிறார் விற்பவர், 14,000 பவுண்ட் கேட்கிறார். படங்களில் வண்டி பளபளவென்று இருக்கிறது, நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும், இந்த விலை நியாயமா என்பது உங்கள் கேள்வி.

மாடல் நல்ல தேர்வு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலைப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா? பெயிண்ட் காய்ந்த பிறகு புல்வெளியில் நிறுத்தி எடுத்தவை அல்ல. மட்கார்டைக் கழற்றி, துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, உள்ளே புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும்போது எடுத்த படங்கள். அவை இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் எவ்வளவு மினுமினுத்தாலும் அதைப் புதுப்பிக்காத வண்டி என்று வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இந்த வண்டியின் பணக் கணக்கு. எம்ஜிபி எல்லா வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது, அதில் கூரை போட்ட ஜிடி மட்டும் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். கிடைக்காத வண்டி இல்லை, அதனால் விலை ஓர் அளவுக்கு மேல் ஏறுவதும் இல்லை. ஆனால் டிங்கரிங் வேலை செய்பவர் ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் கூலி விலை மிக அதிகமான ஜாகுவார் ஈ-டைப்புக்கும் இதற்கும் ஒன்றுதான். வண்டியை மொத்தமாகப் பிரித்து, தகடு மாற்றி, பெயிண்ட் அடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் திறந்து செய்து, சீட் தைத்து முடித்தால் ஆகிற செலவு விற்றுக் கிடைக்கும் பணத்தைத் தாண்டிவிடும். அப்படியென்றால் லாபத்துக்கு விற்பதற்காகவே புதுப்பித்த ஜிடியில் எங்கேயோ ஒரு வேலையைக் குறைத்திருப்பார்கள், வேறு வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறைப்பார்கள். தனக்காகச் செய்துகொண்டு, சில வருஷம் ஆசையாக ஓட்டி, வயதானதாலோ இடமில்லாததாலோ விற்கிறவர் கிடைத்தால் அவர் போட்ட பணத்தில் ஒரு பகுதி உங்களுக்கு இலவசமாக வருகிறது. ஆகவே யார் செய்தார், யாருக்காகச் செய்தார் என்பதை முதல் போன் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

இந்த வண்டியின் பின்னணி கொஞ்சம் தெரிந்திருந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டன் தொழிற்சாலையில், சிட் எனவர் தலைமையில் வடிவமைத்த எம்ஜிபி 1962இல் திறந்த கூரை வண்டியாக வந்தது. அதற்கு முந்தைய எம்ஜிஏ மாடலுக்குத் தனி சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் இரும்புச் சட்டம் இருந்தது, பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எம்ஜிபியில் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். 1965 அக்டோபரில் ஜிடி வந்தது. இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனம் கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தி, கூரையைப் பின்னால் சரித்து, மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு வைத்துக் கொடுத்தது. இந்தக் கூரைக் கோடு எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்டன் மார்ட்டின் வாங்க முடியாதவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இது. பின் சீட் குழந்தைகளுக்கே இடுக்கிப்பிடிதான், ஆனால் அதை மடக்கிவிட்டால் இரண்டு பேர் ஒரு வாரம் ஊர் சுற்றுவதற்கான பெட்டி படுக்கை தாராளமாகக் கொள்ளும். திறந்த வண்டியைவிட ஜிடி விலை குறைவாகக் கிடைப்பது வெயில் நாளில் கூரையைத் திறந்து போகும் ஆசையால்தான். இங்கிலாந்து மழையில் வருஷம் பூரா ஓட்டுவதற்கு ஜிடிதான் சரி என்பது என் கட்சி.

இனி சில் விஷயம். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற பகுதிக்குத்தான் சில் என்று பெயர். தனி சேசிஸ் இல்லாததால் வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் இதுதான் தாங்குகிறது. வெளியே தெரிகிற தகடு ஒன்று, அதற்குள்ளே நிற்கிற நடுத்தகடு ஒன்று, தரையோடு சேரும் அடிப்பகுதி ஒன்று என்று பல அடுக்காகப் பற்றவைத்த பெட்டி அது. அடிப்பகுதியை அங்கே எல்லோரும் கேசில் ரெயில் என்பார்கள். சக்கரம் வாரியடிக்கிற சேறும், பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பும் உள்ளே புகுந்து தங்கினால் பெட்டி உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளித்தகட்டில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்தகடு போய் வெகுநாளாகிவிட்டது என்று அர்த்தம்.

சரியாக மாற்றுவது ஏன் இவ்வளவு வேலை என்றால், வெளித்தகடு கதவின் அகலத்தோடு நிற்பதில்லை. முன்பக்கம் முன் மட்கார்டுக்குப் பின்னாலும், பின்பக்கம் பின் மட்கார்டின் அடிப்பகுதிக்குள்ளும் போகிறது. முழுசாக மாற்றணும் என்றால் போல்ட் போட்ட முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பாடியோடு பற்றவைத்த பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும், பிறகு அதற்கு ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். குறுக்குவழிக்காரர்கள் கண்ணுக்குத் தெரிகிற நடு நீளத்தை மட்டும் வெட்டிப் புதுத்தகடு ஒட்டுவார்கள், அதைவிட மோசம் பழைய தகட்டுக்கு மேலேயே இன்னொன்றைப் போர்த்துவார்கள். பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மேலே பளபளக்கிற ஸ்டீல் பட்டை ஒன்றையும் ஒட்டிவிட்டால் முடிந்தது. அதனால்தான் முன் மட்கார்டு கழன்ற நிலையிலும், பின் மட்கார்டின் அடி வெட்டிய நிலையிலும் எடுத்த படத்தைக் கேட்கச் சொல்கிறேன். இந்த இரண்டு படமும் விற்பவர் கையில் இருந்தால் அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மை.

படம் இல்லாவிட்டாலும் நேரில் சோதிக்க வழி இருக்கிறது. கதவை மூடிவிட்டு, அதன் பின் விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குனிந்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் இருக்க வேண்டும். மேலே ஒடுங்கிக் கீழே விரிந்தாலோ, கீழே ஒடுங்கி மேலே விரிந்தாலோ, சில் வெட்டும்போது பாடிக்கு முட்டுக்கொடுக்காமல் வெட்டியிருக்கிறார்கள், வண்டி நடுவில் வளைந்துவிட்டது. பிறகு விற்பவரின் அனுமதியோடு கேசில் ரெயிலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தூக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்பிய நிலையில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்பு போலவே லேசாகத் திறந்தால் நல்லது. இறுகினாலோ உரசினாலோ பாடியில் பலம் இல்லை. ஜிடிக்குக் கூரை இருப்பதால் திறந்த வண்டி அளவுக்கு வளையாது, அதனால் ஜிடியில் லேசாக இறுகினாலே பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போதே தகடு நொறுங்குகிற சத்தம் கேட்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள், பெயிண்டில் கீறல் விழாது. சில்லின் கீழ் விளிம்பு, சக்கர வளைவு, முன் மட்கார்டின் பின்கீழ் மூலை இங்கெல்லாம் வைத்துப் பார்த்தால் பட்டி எங்கே தடிப்பாக இருக்கிறது என்று கை சொல்லிவிடும்.

வண்டியின் அடிவயிற்றில் புதிதாகக் கறுப்புத் தார் மாதிரி பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல வேலை செய்தவர் அதை மறைக்க மாட்டார்.

துருப்பிடிக்கும் மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட்டைச் சுற்றி, முன் மட்கார்டின் மேல் விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் (இங்கே துரு இருந்தால் கண்ணாடியையே எடுக்க வேண்டிவரும்), பின்கதவின் கீழ் விளிம்பு, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம். முன் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும், அதற்குள்ளே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தனித்தனிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். பலர் ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றியிருப்பார்கள், அது குறையில்லை, ஆனால் பெட்டியின் தகடு ஆசிட்டில் அரித்துப்போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூரையில் துணியாலான சன்ரூஃப் வைத்திருந்தால் அதன் ஓரங்களையும் பாருங்கள்.

போய்ப் பார்ப்பதற்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்று உண்டு, இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். பதிவெண் கையில் இருந்தால் அரசாங்க இணையதளத்தில் அந்த வண்டியின் பழைய எம்ஓடி சோதனை (சாலையில் ஓடத் தகுதியா என்று வருஷாவருஷம் பார்ப்பது) முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி கட்டாயமில்லை, ஆனால் அதற்கு முந்தைய சோதனைகளின் விவரம் அங்கே இருக்கும். புதுப்பிப்பதற்கு முன்னால் நடந்த சோதனைகளில் எந்த இடத்தில் துரு என்று தோற்றது, எதைக் கவனிக்கச் சொல்லி எழுதினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தந்த இடத்தில் என்ன செய்தார்கள், படம் எங்கே என்று கேளுங்கள். அதோடு ஒவ்வொரு சோதனையிலும் எழுதிய மைல் கணக்கும் கிடைக்கும். எட்டு வருஷத்தில் சில நூறு மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன். ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் சீல் காய்ந்துபோகும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், டேங்கின் உள்ளே துரு சேரும், டயர் பார்க்கப் புதுசாகவே இருந்தும் இறுகிப்போயிருக்கும். டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருஷமும், அதைப் படித்துப் பாருங்கள். புதிதாக ஓர் எம்ஓடி போட்டுத் தரச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை, மறுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

எஞ்சினைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 1,798 சிசி, இரட்டை எஸ்யூ கார்பரேட்டர், முரட்டு எஞ்சின், உதிரிப்பாகம் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, விலையும் பயமுறுத்தாது. நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் பின்னாலிருந்து எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் டக் டக் என்று அடிக்கும், கார்பரேட்டர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிகிறது, இல்லை கார்பரேட்டரின் மிதவை வால்வு மூடவில்லை. நன்றாகச் சூடானபின் சாலையில் போகும்போது ஆயில் பிரஷர் 50க்கு மேல் நிற்க வேண்டும், ஐடிலில் 15, 20 காட்டினால் போதும். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கி மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது, அது சிலிண்டர் ஹெட்டோடு முடிகிற வேலை. ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு ஏற்ற கடினமான வால்வு சீட் போட்டாயிற்றா என்று பில்லைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

1967 கடைசியில் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) வந்தது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. உங்களுடையது 1969 என்பதால் இரண்டும் இருக்கும், என் கணிப்பில் எம்ஜிபியிலேயே நல்ல காலகட்டம் இதுதான்: குரோம் பம்பர், பழைய அழகான கிரில், ஆனால் தினம் ஓட்டக்கூடிய கியர்பாக்ஸ். 1974 இலையுதிர்காலத்துக்குப் பிறகு வந்தவற்றில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியையும் உயர்த்திவிட்டார்கள். அப்படிப்பட்டதைக் குரோமுக்கு மாற்றி விற்பவர்களும் உண்டு, ஆகவே சேசிஸ் எண்ணைப் பாருங்கள். உங்கள் வண்டி 1969இன் முற்பகுதியில் தயாரானது என்றால் ஜிஎச்டி4 என்று தொடங்க வேண்டும், அந்த வருஷத்துக் கடைசியில் தயாரானது என்றால் ஜிஎச்டி5.

ஓவர்டிரைவை அவசியம் ஓட்டிப் பார்த்துச் சோதியுங்கள். மூன்றாவது, நான்காவது கியர்களில் மட்டும்தான் அது வேலை செய்யும். நான்காவதில் போகும்போது சுவிட்சைத் தட்டினால் ஒரு நொடிக்குள் எஞ்சின் சுற்று இறங்க வேண்டும். மணிக்கு 70 மைலில் சாதாரணமாக 3,900 சுற்று இருக்கும், ஓவர்டிரைவில் 3,200க்குள் வந்துவிடும். நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிவதும் முடியாததும் இதில்தான் இருக்கிறது. வேலை செய்யவில்லை என்றால் வயர் அறுந்த சின்னப் பிரச்சினையாகவும் இருக்கலாம், ஆனால் உள்ளே பழுது என்றால் கியர்பாக்ஸை வெளியே எடுக்க எஞ்சினையும் சேர்த்து எடுக்க வேண்டும். கிளட்ச் மாற்றுவதற்கும் இதே கதைதான், அதனால் கிளட்ச் எப்போது போட்டது என்றும் கேளுங்கள்.

ஸ்போக் வீல் பார்க்க அழகு, பராமரிக்கத் தொல்லை. சக்கரத்தின் நடுவில் உள்ளே பல் பல்லாக வெட்டியிருக்கும், அது அச்சில் உள்ள பற்களோடு கோத்து நிற்கும். நடுவிலுள்ள பெரிய நட்டைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்துவிட்டு அச்சின் பற்களைத் தடவிப் பாருங்கள். பல்லின் உச்சி தட்டையாக இருந்தால் நல்லது, ரம்பம் மாதிரி கூர்மையாக இருந்தால் தேய்ந்து தீரப்போகிறது. வண்டியை முன்னும் பின்னும் எடுக்கும்போது பின்னால் டொக் என்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம், பின் ஆக்ஸிலில் வாஷர் தேய்வது இன்னொரு காரணம். வாஷர் மலிவு, சக்கரமும் அச்சும் சேர்ந்து போனால் மலிவில்லை. ஒரு பேனாவை எடுத்துக் கம்பிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாக ஒலிக்கும்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கிங்பின், அதாவது முன் சக்கரம் திரும்புவதற்கான முளை, தேய்ந்திருக்கிறது. 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் பல வருஷம் வரும், அடிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

காகித விஷயம். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் அபிங்டன் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் வண்டி எந்தத் தேதியில் தயாரானது, என்ன நிறம், என்ன எஞ்சின் எண், எந்த நாட்டுக்கு அனுப்பியது என்று சான்றிதழ் தருவார்கள். விற்பவரிடமே இருக்கலாம். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிவந்து வலதுபக்க ஸ்டியரிங்குக்கு மாற்றிய வண்டி என்று தெரிந்தாலும் நான் ஒதுக்க மாட்டேன், வறண்ட மாநிலத்தில் இருந்த பாடி பெரும்பாலும் நல்ல பாடி, ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். கரும்பச்சை அதன் பிறவி நிறமா என்று பார்க்க டேஷ்போர்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே தேடுங்கள். நிறம் மாறியிருப்பது குற்றமில்லை, பெயிண்ட் அடிப்பதற்கு எவ்வளவு தூரம் பிரித்தார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பழைய அச்சுக்களைத் தேடியெடுத்து எம்ஜிபிக்கு முழுப் பாடியையே புதிதாக அடித்துத் தரும் வேலையை பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988இல் தொடங்கியது. அப்படிப்பட்ட புதுப் பாடியில் கட்டிய வண்டி என்று பில்லோடு காட்டினால் மேலே சில்லைப் பற்றி நான் சொன்ன கவலையில் பெரும்பகுதி போய்விடும், அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

சரி, 14,000 பவுண்ட் நியாயமா? சில்லின் படங்கள், பில்கள், நேரான கதவு இடைவெளி, வேலை செய்கிற ஓவர்டிரைவ், வருஷத்துக்குக் கொஞ்சமாவது ஓடிய கணக்கு எல்லாம் இருந்தால் நான் கொடுப்பேன், கொஞ்சம் பேரம் பேசிவிட்டு. பெயிண்ட் மட்டும் அருமை, மற்றதற்கு வாய்வார்த்தைதான் என்றால் அதில் பாதிக்கு மேல் பேசவே வேண்டாம், ஏனென்றால் மீதிப் பாதியை நீங்கள் வெல்டிங்கில் போடுவீர்கள், அந்த அருமையான பெயிண்டையும் சேர்த்து வெட்டிக்கொண்டு. சீட் தையல் பிரிந்திருக்கிறது, பெயிண்டில் கல் பட்ட தழும்பு இருக்கிறது, ஆனால் பாடி கெட்டி என்றால் அதுதான் என் முதல் தேர்வு.

வாங்கிய பிறகு செலவு பயப்படும்படி இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய வண்டி என்பதால், ஹிஸ்டாரிக் வகையில் பதிவு மாற்றிக்கொண்டால் சாலை வரி கட்ட வேண்டாம், லண்டனின் புகைக் கட்டண வளையத்துக்குள்ளும் கட்டணம் இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை கலக்கிறார்கள், அது பழைய ரப்பர் குழாய்க்கு ஆகாது, அதனால் எத்தனால் குறைவாக உள்ள, இ5 என்று எழுதிய சூப்பர் பெட்ரோலையே போடுங்கள், குழாய்களையும் புது வகைக்கு மாற்றிவிடுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது இவ்வளவு பெறும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்கு எடுங்கள், அந்தப் புதுப்பிப்புப் படங்கள் அங்கேயும் உதவும். பனிக்காலம் தொடங்குவதற்கு முன் சில்லுக்குள்ளே மெழுகு பீய்ச்சுங்கள், தண்ணீர் வடியும் துவாரங்கள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு இடைவெளியை இரண்டு பக்கமும் நேராக எடுத்த படம், ஜாக்கியில் நிற்கும்போது அடிப்பாகத்தின் படம், பழைய எம்ஓடியில் தோற்ற காரணங்கள் இந்த மூன்றும் கிடைத்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.